பருப்பு வேகாத கேணி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மக்கள்தொகைக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். தண்ணீர்ப் பஞ்சத்துக்கும் வேலையின்மைக்கும் ஏழைகள் பிள்ளை பெற்றுக்கொண்டே போவதுதான் காரணம் என்று எழுதியிருக்கிறீர்கள். முப்பத்திரண்டு வருடம் கடலூர்ப் பக்கத்துக் கடலோர ஊர்களில் செவிலியராக வீடுவீடாய் ஏறி இறங்கியவள் நான். படித்ததும் மனசு கொதித்துவிட்டது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் பதிவேட்டில் நாலு பிள்ளை, ஐந்து பிள்ளை உள்ள வீடுகள் வரிசையாக இருக்கும். ஓய்வு பெறும்போது ஒன்று, இரண்டோடு நின்றுவிட்டது. பெண்பிள்ளைகள் பன்னிரண்டாவது வரை படித்தார்கள். பிறந்த குழந்தை பிழைத்துக்கொள்ளும் என்ற தைரியம் தாய்மார்களுக்கு வந்தது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 பிள்ளை, புதுச்சேரியில் 1.5. மக்கள்தொகை குறையாமல் இருக்கவே 2.1 வேண்டும்.

மக்கள் 1, 2, 4, 8 என்று பெருகுவார்கள், விளைச்சலோ 1, 2, 3, 4 என்றுதான் ஏறும் என்று 1798இல் இங்கிலாந்துப் பொருளியல் அறிஞர் மால்தஸ் எழுதினார். கட்டுரை அதோடு நின்றுவிட்டது. ஆள் பெருகினால் சாகுபடி முறையை மாற்றி அதே நிலத்தில் கூடுதலாக விளைவிப்பார்கள் என்று 1965இல் டென்மார்க் பொருளியல் அறிஞர் எஸ்தர் போஸ்ரப் சொன்னாரே? 1951இல் இந்தியாவில் நாம் 36 கோடிப் பேர், 2011இல் 121 கோடி. அதே காலத்தில் தானிய விளைச்சல் 5 கோடி டன்னிலிருந்து 24 கோடி டன்னைத் தாண்டியது. ஆளைவிட நெல்லும் கோதுமையும்தான் வேகமாகப் பெருகின. ஆனால் அதற்கு நிலத்தடி நீரை வாரி இறைத்தோம். அந்தக் கடன் இன்னும் தீரவில்லை.

எங்கள் வீட்டுக் கேணியையே சொல்கிறேன். அம்மா காலத்தில் எட்டு முழக் கயிறு போதும். அந்தத் தண்ணீரில் துவரம்பருப்பு பூப்போல வேகும். சுற்றிலும் போர்க்கிணறுகள் இறங்க இறங்க (எங்கள் போரையும் சேர்த்துத்தான்) உப்பு ஏறிவிட்டது. இப்போது பருப்பு எத்தனை விசில் விட்டாலும் கரைவதில்லை. குடத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறது. தெருவில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்த இதே வருடங்களில்தான் கேணியும் கரித்தது.

கடலூர், புதுச்சேரிக் கடலோரத்தில் ஆலை, வயல், விடுதி, வீடு ஒவ்வொன்றும் ஒரு நாளைக்கு எவ்வளவு இறைக்கின்றன என்று விசாரித்து அடுத்த கட்டுரையை எழுதச் சொல்லுங்கள். கட்டுரையாளர் நேரில் வந்தால் எங்கள் தெருக் கேணிகள் ஒன்பதையும் நானே கூட்டிப்போய்க் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
கடலூர் வட்டம்.