எண் போட்டுவிட்டீர்களே!

கியோட்டோவில் இருக்கும் நிண்டெண்டோ வடிவமைப்புக் குழுவினருக்கு,

வணக்கம். உங்கள் புது வீடியோ கேம் கருவி ஸ்விட்ச் 2 நன்றாகத்தான் இருக்கிறது. பக்கவாட்டில் காந்தத்தில் டக்கென்று ஒட்டிக்கொள்ளும் கைப்பிடி ஜாய்கான், அதையே விளிம்பில் நிறுத்தி மேசையில் நகர்த்தினால் மௌஸ். சரி, குறை சொல்ல மனசு வரவில்லை. ஆனாலும் பெட்டியின் மேல் இருக்கும் அந்த 2 உறுத்துகிறது. தலைமுறைக்கு ஓர் எண் போட்டு வரிசையாகப் போவது பிளேஸ்டேஷன் செய்யும் சோனியின் பழக்கம். உங்களுடையதா அது?

ஸ்விட்சுக்கு முன்னால் நீங்கள் விட்ட வீ யு கருவி ஞாபகம் இருக்கிறதா? 2012-இல் வந்தது. டிவியை வேறு யாராவது பிடித்துக்கொண்டால் கையில் இருக்கும் 6.2 அங்குலத் திரையிலேயே ஆட்டத்தைத் தொடரலாம். அருமையான யோசனை. ஆனால் அந்தத் திரைக்குச் சொந்தமாக மூளை கிடையாது. வேலையெல்லாம் டிவி பக்கத்தில் கிடந்த பெட்டியில்தான். இரண்டு அறை தள்ளிப் போனால் படம் திக்கித் திணறும். அதற்கு முந்தைய கருவியான வீயைப் பத்துக் கோடி விற்ற கையால் வீ யு ஒரு கோடியே 35 லட்சம்தான் விற்றீர்கள்.

அப்புறம் 2017-இல் ஸ்விட்ச். அதற்கும் அதே 6.2 அங்குலத் திரைதான்! மூளையைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கைக்குள் வைத்தீர்கள், அவ்வளவுதான். 15 கோடிக்கு மேல் விற்றது. வீ யு மண்ணைக் கவ்வாமல் இருந்திருந்தால் இது உங்களுக்குத் தோன்றியிருக்குமா? எனக்குச் சந்தேகம்தான்.

நஷ்டக் கணக்கு எனக்கும் புரியாமல் இல்லை. 2014-இல் உங்கள் அன்றைய தலைவர் இவாட்டா தன் சம்பளத்தைப் பாதியாக்கிக்கொண்டார், ஆட்குறைப்பில் அவருக்கு விருப்பமில்லை. வேலை போகும் பயத்தில் இருப்பவனால் உலகத்தை அசத்தும் விளையாட்டைச் செய்ய முடியாது என்பது அவர் கட்சி.

பயம் நஷ்டத்தில்தான் வரும் என்றில்லை. 15 கோடி விற்ற பிறகும் வரும். இப்போது உங்களிடம் தெரிவது அந்தப் பயம்தான்.

1995-இல் வந்த வர்ச்சுவல் பாய் என்ற விளையாட்டுக் கருவியை ஸ்விட்சுக்கான துணைக்கருவியாக மறுபடி கொண்டுவருவதாக அறிவித்தீர்கள். கருப்புத் திரையில் சிவப்புக் கோடுகள், தாங்கியில் முகத்தைப் புதைத்து ஆட வேண்டும், கண் வலிக்கும் என்று நடுநடுவே ஆட்டம் தானே நிற்கும் வசதி வேறு. ஒரு வருடம்கூடத் தாங்காத அதைச் செய்தவர், கையடக்க கேம் பாயைக் கொடுத்த உங்கள் வடிவமைப்பாளர், அதே யோகோய். பழைய துணிச்சலை விற்கிறீர்கள், சந்தோஷம். புதுசு எங்கே?

அடுத்த கூட்டத்தில் யாராவது ஒரு கிறுக்குத்தனமான மாதிரியை மேசையில் வைத்தால், 'இதை ஸ்விட்ச் 3-இல் எங்கே பொருத்துவது?' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
வீ யு வாங்கி இன்றுவரை வருத்தப்படாத ஒருவன்