செலவு குறைவு என்பது சாக்காகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெருநிறுவனம் ஒன்றின் பதவிப் போட்டியைக் கதைக்களமாகக் கொண்ட அமெரிக்கத் தன்பாலீர்ப்பு வயதுவந்தோர் படத்தைப் பற்றி உங்கள் விமர்சகர் சென்ற இதழில் எழுதியிருந்ததைப் படித்தேன். படம் ஏமாற்றுகிறது என்ற அவருடைய முடிவில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால், கையில் காசில்லாமல் எடுத்த படம், அதுவும் இந்த வகைப் படம், இதில் கதையை யார் தேடப்போகிறார்கள் என்ற தொனியில் அவர் அதைத் தள்ளிவிட்டதைத்தான் ஏற்க இயலவில்லை.

நடனக் கலைஞரான வேக்ஃபீல்டு பூல், 'பாய்ஸ் இன் த சாண்ட்' என்ற தன்பாலீர்ப்பு வயதுவந்தோர் படத்தை நியூயார்க்கை அடுத்த ஃபயர் ஐலண்டில் சுமார் 8,000 டாலர் செலவில் எடுத்து, 1971 டிசம்பரில் நியூயார்க் திரையரங்கில் வெளியிட்டார். அமெரிக்கத் திரையுலக இதழான 'வெரைட்டி' அதற்கு விமர்சனம் எழுதியது. வசனம் ஏறக்குறைய இல்லாத அந்தப் படத்தில் அவர் கடற்கரையையும் வெயிலையும் உடலசைவையும் நம்பினாரே தவிர, தன்னால் காட்ட இயலாத எதையும் காட்டுவதாகப் பாசாங்கு செய்யவில்லை.

இந்தப் படமோ, இல்லாத ஒரு பெருநிறுவனத்தை இருப்பதாக நம்பச் சொல்கிறது. தலைமையகம் என்று நமக்குக் காட்டப்படுவது ஒரு மேசை, இரண்டு நாற்காலிகள், எப்போதும் மூடியே கிடக்கும் சன்னல் திரை, கடைசிவரை ஒளிராத ஒரு மடிக்கணினி, அவ்வளவுதான். நாயகன் எந்த நிறுவனத்தைக் கைப்பற்றத் துடிக்கிறான், அது எதை விற்கிறது என்பது படம் முடியும்போதும் தெரிவதில்லை. ஈவிரக்கமற்றவன் என்று மற்றவர்கள் அவனைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்; ஆனால் அவன் யாருடைய வயிற்றில் அடித்தான் என்பதைத்தான் காணோம். பதவி பறிபோகும் மேலதிகாரியாக வரும் நடுத்தர வயது நடிகர் மட்டும், அடையாள அட்டையைக் கழற்றி மேசைமேல் வைக்கும் ஒரே காட்சியில், ஒரு மனிதன் எதையோ இழக்கிறான் என்பதை உணர்த்திவிடுகிறார். (அவருக்கு வசனம் தராதது நல்லதாயிற்று.)

படக்குழுவினர் தேடியிருந்தால், காசு செலவில்லாமலே கிடைத்திருக்கக்கூடிய கதை ஒன்று உண்டு. 1966இல் பயிற்சியாளராகச் சேர்ந்து பி.பி. எண்ணெய் நிறுவனத்தின் தலைமைப் பொறுப்புவரை உயர்ந்த ஜான் பிரவுன், தாம் தன்பாலீர்ப்பாளர் என்பதைப் பல்லாண்டுகள் மறைத்தே வாழ்ந்தவர். முன்னாள் துணைவரை முதலில் எப்படிச் சந்தித்தார் என்பது பற்றி நீதிமன்றத்தில் பொய் சொன்னது வெளிப்பட்டதும், 2007இல் பதவி விலக நேர்ந்தது. ஆப்பிள் நிறுவனத்தின் டிம் குக் தாம் தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாக எழுதியது 2014இல்தான். ஒருவர் தன்பாலீர்ப்பாளர் என்பதற்காக அவரை வேலையிலிருந்து நீக்குவது சட்டவிரோதம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததோ 2020 ஜூனில். அதுவரை, பல மாநிலங்களில் தனியார் நிறுவன ஊழியருக்கு மாநிலச் சட்டத்தின் துணைகூட இருக்கவில்லை. பதவிமீது வெறிகொண்ட ஒருவன் தன் போட்டியாளனின் இரகசியத்தை அறிந்திருக்கிறான், தனக்கும் அதே இரகசியம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அந்த ஒற்றை மேசையும் இரண்டு நாற்காலிகளுமே போதுமானவை.

இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். பதவி உயர்வு தன் கையில் இருப்பதைச் சொல்லி மேலதிகாரி இளையவனை அழைக்கும் காட்சியில், மறுத்தால் வேலை போய்விடுமோ என்ற அச்சம் அவன் முகத்தில் ஒரு கணமும் தோன்றவில்லை. அதை இன்பமாக மட்டுமே காட்டிவிட்டுப் படம் நகர்ந்துவிடுகிறது. உங்கள் விமர்சகரும் அதைத் தொடவில்லை.

அதே இதழில், குறைந்த செலவில் எடுக்கப்பட்ட திகில் படம் ஒன்றின் திரைக்கதை வலுவற்றது என்று அவர் அரைப் பக்கம் குறை சொல்லியிருக்கிறார். அந்தக் கண்டிப்பை இந்தப் படத்திடமும் அவர் காட்டியிருக்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கோயம்புத்தூர்.