சனிக்கிழமை ஆட்டம்: காரை வீட்டிலேயே விடுங்கள்

வணக்கம். லிவர்பூலில் எவர்ட்டன் அணியின் கால்பந்து ஆட்டத்துக்கு வருகிறவர்கள் கவனிக்கவும்.

புதிய அரங்கம் பிராம்லி-மூர் துறையில், மெர்சி ஆற்றை ஒட்டி இருக்கிறது. 52,000-க்கும் மேற்பட்ட இருக்கைகள். கார் நிறுத்தவோ இடம் சொற்பம். ஏறக்குறைய அரை மணி நேர நடைத் தொலைவுக்குள் உள்ள தெருக்களில் ஆட்ட நாளன்று அனுமதிச் சீட்டு இல்லாமல் நிறுத்தக் கூடாது. "ஓரமாகத்தானே விட்டேன்" என்றார் போன முறை நம்மில் ஒருவர். திரும்பி வந்தபோது முன்கண்ணாடியில் அபராதச் சீட்டு ஒட்டியிருந்தது. வென்ற மகிழ்ச்சி அங்கேயே வடிந்துவிட்டது.

அருகில் உள்ள ரயில் நிலையம் சாண்ட்ஹில்ஸ். நகர மையத்தில் உள்ள மூர்ஃபீல்ட்ஸ் நிலையத்திலிருந்து அடுத்த நிறுத்தம். இறங்கிக் கால் மணி நேரம் நடக்க வேண்டும். போகும்போது சிக்கல் இல்லை. ஆட்டம் முடிந்ததும்தான் நிலையத்துக்கு வெளியே வரிசை நத்தையாக நகரும். அதில் நிற்பதைவிட நகர மையத்துக்கே நடந்துவிடலாம் என்பது என் கட்சி. ஆற்றுக் காற்று எலும்பு வரை ஏறும். குழந்தைகளுக்குக் குல்லாய் மறக்க வேண்டாம்.

அந்தப் பக்கத்துப் பட்டறைக்காரர்களும் கடைக்காரர்களும் கார் நிறுத்தக் கட்டுப்பாட்டால் வியாபாரம் கெடுகிறது என்று முறையிட்டு வருகிறார்கள். நியாயம்தான். அவர்கள் வாசலை நாமும் அடைக்க வேண்டாம்.

பகல் 12 மணிக்கு மூர்ஃபீல்ட்ஸ் நிலைய வாசலில் கூடுவோம். முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் வியாழக்கிழமைக்குள் இங்கே பெயர் எழுதுங்கள்; நகர மையத்திலிருந்து ஆட்ட நாள் பஸ் உண்டு, கூட ஒருவர் வருவார்.