பெஞ்சில் இருக்கும் பையனைப் பற்றி

அன்புள்ள கவின்,

அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல். டிராஃப்டில் (கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுப்பது) முதல் சுற்றில் எடுத்த பையனை உன் அணி களத்தில் இறக்குவதே இல்லை, பிக்கை, அதாவது தேர்வு வாய்ப்பை, வீணடித்துவிட்டார்கள் என்று கோபமாக எழுதியிருந்தாய். முதல் வருஷத்திலேயே அந்த முடிவுக்கு வராதேப்பா. பிக்கைக் கைமாற்றாவிட்டால், முந்தின சீசனில் ப்ளேஆஃப் என்ற நாக்அவுட் சுற்றுக்குப் போன 14 அணிகளுக்கும் தேர்வு வரிசையில் 19-லிருந்து 32 வரைதான் இடம். இறுதி ஆட்டமான சூப்பர் பவுலை வென்ற அணிக்குக் கடைசி. அங்கே கிடைக்கிற பையனிடம் பெரும்பாலும் ஏதாவது ஒரு குறை இருக்கும்: உடம்பு போதாது, பழைய காயம், அல்லது கல்லூரியில் ஒரே ஒரு சீசன்தான் நன்றாக ஆடியிருப்பான். அவன் போய்ச் சேருகிற அணியிலோ அதே இடத்தில் தேர்ந்த ஆட்டக்காரர் ஒருவர் ஏற்கெனவே இருப்பார்.

அதனால் அவனுக்கு முன்னால் யார் நிற்கிறார், அவருடைய ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று முதலில் பார். 2011-ல் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் 31-வது பிக்கில் கேமரன் ஹேவர்டை எடுத்தது. அவருக்கு முன்னால் நின்றவர்களில் ஸிகி ஹூட் 2009-ல் 32-வது பிக்கில் வந்தவர். முதல் இரண்டு சீசனிலும் ஹேவர்ட் ஒரு ஆட்டத்தில்கூடத் தொடக்க வரிசையில் இல்லை. 2013-ல் ஹூட்டின் இடத்தைப் பிடித்தார். பிறகு பத்து வருஷத்துக்கும் மேலாக அந்த டிஃபன்சிவ் லைனே (எதிரணியைத் தடுக்கும் முன்வரிசை) அவரை நம்பித்தான் நின்றது. அதே ஸ்டீலர்ஸ் 2017-ல் 30-வதாக எடுத்த டி.ஜே. வாட் முதல் ஆட்டத்திலேயே தொடங்கினார். தடுப்பு வரிசையின் ஓரத்தில் நிற்கும் அவுட்சைட் லைன்பேக்கர் இடத்தில் உடனே ஆள் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

உட்கார்ந்திருந்தால் மட்டும் யாரும் தேறுவதில்லை, இதையும் சொல்லிவிடுகிறேன். சீசன் நடக்கும்போது வாரப் பயிற்சியில் பெரும்பாலான ரெப்ஸ், அதாவது ஆடிப் பழகும் வாய்ப்பு, தொடக்க வரிசைக்கே போகும். புதுப் பையன் ஸ்கவுட் டீமில் நின்று, வரும் ஞாயிறு எதிரே வரப்போகிற அணியின் ஆட்டத்தை அட்டையைப் பார்த்து ஆடிக் காட்டுவான். வாரம் முழுக்க அடுத்தவர் பிளேபுக்! தன் அணியின் ஆட்டத்தை அவன் மீட்டிங் அறையிலும் வீடியோவிலும்தான் படிக்க வேண்டும். பாதுகாப்புப் பேட் அணிந்து மோதும் பயிற்சியும் சீசன் முழுக்க 14 தடவைக்கு மேல் கூடாது. லைனில் ஆடுபவனுக்கு இது பெரிய இழப்பு. கையை எங்கே வைப்பது, இடுப்பை எவ்வளவு தாழ்த்துவது என்பதெல்லாம் மோதித்தான் வரும்.

உடம்பும் ஒரு காரணம். கல்லூரி சீசன் முடிந்த கையோடு 40 கெஜ ஓட்டத்துக்கும் கம்பைன் என்ற டிராஃப்டுக்கு முந்தின உடல்திறன் தேர்வுக்கும் தயாராகி, ஏப்ரலில் டிராஃப்ட், மே மாதம் மினிகேம்ப், ஜூலைக் கடைசியில் கேம்ப் என்று ஓடியவனுக்கு, உடம்பைக் கட்ட முழு வசந்தம் கிடைப்பது இரண்டாம் வருஷத்தில்தான். ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் 2023-ல் 30-வதாக எடுத்த நோலன் ஸ்மித் முதல் சீசனில் ஒரே ஒரு சேக் (பந்தை எறியுமுன் எதிரணியின் எறிபவரை வீழ்த்துவது; இருவர் சேர்ந்து வீழ்த்தினால் ஆளுக்குப் பாதி). அடுத்த சீசனில் ஆறரை, ப்ளேஆஃபில் மேலும் நான்கு.

ஆட்டத்தை நடத்திப் பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கின் கதை வேறு. கிரீன் பே 2020-ல் 26-வதாக எடுத்த ஜோர்டன் லவ், ஆரன் ராட்ஜர்ஸுக்குப் பின்னால் மூன்று சீசன் காத்திருந்தார்; அதற்குள் ஒரே ஒரு ஆட்டம்தான் தொடங்கினார். 2023-ல் பொறுப்பேற்றதும் அணி 3 வெற்றி, 6 தோல்வி என்று தடுமாறி, 9–8 என்று முடித்து, ப்ளேஆஃபில் டாலஸை அதன் சொந்த மைதானத்திலேயே 48–32 என்று வென்றது. ராட்ஜர்ஸும் 2005-ல் 24-வதாக வந்து மூன்று வருஷம் ப்ரெட் ஃபாவ்ருக்குப் பின்னால் இருந்தவர்தான்.

ஆனால் காத்திருப்புக்கு ஒரு கணக்கு உண்டு. முதல் சுற்று ஒப்பந்தம் நான்கு வருஷம். ஐந்தாம் வருஷம் வேண்டுமா என்று மூன்றாவது சீசன் முடிந்த மே மாதத்துக்குள் அணி சொல்லிவிட வேண்டும். இரண்டு வருஷம் பெஞ்சில் இருந்தவனை ஒரே ஒரு சீசனை வைத்துத்தான் எடைபோட முடியும். கொஞ்சம் பொறுத்தால் இரண்டாம் சுற்றில் கிடைப்பவனை, முதல் சுற்றுக்கு மட்டுமே உள்ள அந்த ஐந்தாம் வருஷ உரிமைக்காகவே முதல் சுற்றின் வாலில் எடுப்பதும் உண்டு.

உடனே இறக்குவதும் உத்தரவாதம் இல்லை. சூப்பர் பவுல் வென்ற கையோடு கான்சஸ் சிட்டி 2020-ல் 32-வதாக எடுத்த கிளைட் எட்வர்ட்ஸ்-ஹெலேர் முதல் சீசனில் பந்தோடு 803 கெஜம் ஓடினார். 2022-ல் ஏழாம் சுற்றில் வந்த அய்சாயா பச்செகோ அந்த இடத்தை எடுத்துக்கொண்டார்.

இனி ஆட்டம் பார்க்கும்போது பந்தை விட்டுவிட்டு இவனை மட்டும் பார். அணியின் 53 பேரில் 48 பேர் வரைதான் ஆட்டநாளில் சீருடை உடுத்திக் களத்துக்கு வர முடியும். பெஞ்சில் இருப்பவன் அதற்குள் வர வேண்டுமென்றால் பெரும்பாலும் ஸ்பெஷல் டீம்ஸில் (பந்தை உதைக்கும் ஆட்டங்களுக்கான குழு) உழைக்க வேண்டும். கிக்ஆஃபில், பன்ட்டில் இருக்கிறானா? டிஃபன்ஸ் என்றால் ஓர் ஆட்டத்தின் அறுபது சொச்சம் ஸ்னாப்பில் (பந்து ஒவ்வொரு முறை ஆட்டத்துக்கு வருவதும் ஒரு ஸ்னாப்) அவனுக்கு எத்தனை, அதில் தேர்ட் டவுன் (பத்து கெஜம் முன்னேற உள்ள நான்கு முயற்சியில் மூன்றாவது) எத்தனை? செப்டம்பரில் பத்தாக இருந்தது டிசம்பரில் இருபத்தைந்தானால் பயிற்சியாளர்கள் நம்பத் தொடங்கிவிட்டார்கள். காயமும் இல்லாமல் ஆட்டநாள் பட்டியலிலேயே இல்லை என்றால்தான் நானும் உன்னோடு சேர்ந்து கவலைப்படுவேன். இந்த எண்களை எடுத்து எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா