மின்சுற்றுக்கு ஒரு கயிறு

அன்புள்ள செல்வி,

கடிதம் கிடைத்தது. புது வகுப்பும் ஆய்வகமும் உனக்குப் பழகிவிட்டதில் மகிழ்ச்சி. தண்ணீர்க் குழாய் ஒப்புமையைச் சொன்ன பிறகும் பாதிப் பிள்ளைகள் “பல்பைத் தாண்டியதும் மின்னோட்டம் குறைந்துவிடும்” என்றே எழுதுவதாகச் சொல்லியிருந்தாய். அதில் வியப்பில்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டும், தீர்ந்துபோகும். அவர்கள் பார்த்து வளர்ந்த தண்ணீர் அதுதான். மூடிய குழாய்க்குள் பம்பு சுற்றிவிடும் தண்ணீரைப் பலர் கண்டதே இல்லை. தெரியாத ஒன்றை வைத்துத் தெரியாத இன்னொன்றை விளக்கினால் எப்படிப் புரியும்?

கயிற்று வளையம் செய்து பார். பத்துப் பேருக்கு 8 மீட்டர் பருத்திக் கயிறு போதும். நைலான் வேண்டாம், உள்ளங்கையைச் சுட்டுவிடும். முனைகளை முடிச்சுப் போடாதே. ஒவ்வொரு கையிலும் முடிச்சு தட்டி நின்றால் எல்லோருமே ஓட்டத்தைத் தடுக்கும் மின்தடையம் ஆகிவிடுவார்கள். முனைகளைச் சேர்த்துத் தைத்துவிட்டு, அரை மீட்டருக்கு ஒன்றாக வண்ண நாடா ஒட்டு. பிள்ளைகள் வட்டமாக நின்று, விரல்களை வளையம்போல் வைத்துக் கயிற்றை நழுவ விடவேண்டும். இழுக்கும் நீ மின்கலம். எதிரே சற்று இறுக்கிப் பிடிப்பவர் பல்பு.

பல்புக்கு முன்னால் ஒருவரும் பின்னால் ஒருவரும், 20 விநாடியில் எத்தனை நாடா கடக்கிறது என்று எண்ணட்டும். இரண்டு எண்ணிக்கையும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வரும். பிடியை இன்னும் இறுக்கச் சொல், இரு பக்கமும் ஒருசேரக் குறையும். கயிறு எங்கும் தீர்ந்துபோகவில்லை, பல்பின் கை மட்டும் சூடாகிறது. மின்னோட்டம் வேறு, ஆற்றல் வேறு என்பது அந்தக் கைச்சூட்டில்தான் பிடிபடும்.

ஆனால் கவனமாக இருக்கவேண்டும். கயிறு தொய்ந்திருந்தால் நீ இழுத்தபின் சற்று நேரம் கழித்தே எதிர்ப்பக்கம் நகரும். மின்சாரம் மெதுவாகப் போய்ச் சேர்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள். உதவுகிறேன் என்று கயிற்றைத் தள்ளிவிடும் பிள்ளை எப்படியும் ஒன்று இருக்கும், அது இன்னொரு மின்கலம் ஆகிவிடும். எல்லாவற்றையும்விட நம் கையைத்தான் கவனிக்கவேண்டும். எதிரே பிடி இறுகும்போது, வேகம் குறையக்கூடாதென்று நாம் அறியாமலே பலமாக இழுத்துவிடுவோம். அப்படிச் செய்தால் மின்கலத்தையே மாற்றியதாக ஆகும். வேகம் குறைந்தால் குறையட்டும், இழுக்கும் விசை மாறக்கூடாது.

இதன்பிறகுதான் குழு வேலை. முந்தின நாளே ஒரு சீட்டில் ஒரு கேள்வி கொடு: பல்புக்கு முன்னும் பின்னும் மின்னோட்டம் கூடுமா, குறையுமா, சமமா, ஏன்? குழு பிரிப்பது அந்த ‘ஏன்’ பார்த்து. மதிப்பெண் பட்டியலைத் தொடாதே.

காரணம் சொல்லத் தடுமாறுவோருக்குக் கயிற்றின் பகுதிகளை எழுதி, மின்சுற்றில் அதற்கு ஈடானதை நிரப்பும் அட்டவணை கொடு. முதல் இரண்டு வரியை நீயே நிரப்பிவிடு. பிறகு இரண்டு 1.5 வோல்ட் மின்கலம், ஒரு பல்பு, மின்னோட்டத்தை அளக்கும் ஒரு அம்மீட்டர் கொண்டு முன்னும் பின்னும் அளக்கட்டும். ஒரே அம்மீட்டரையே இடம் மாற்றி வைக்கவேண்டும். இரண்டு மீட்டர் வைத்தால் அவற்றுக்குள் இருக்கும் சிறு வேறுபாட்டைக் காட்டி “பார்த்தீர்களா, குறைந்துவிட்டது” என்பார்கள். அளவீடுகளுக்கு நடுவே சுற்றைத் திறந்து வைக்கச் சொல், மின்கலம் வீணாகத் தளராது.

காரணம் அரைகுறையாகச் சொல்வோர், தொடரிணைப்பில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக, இரண்டாவது பல்பு சேர்த்தால் என்ன ஆகும் என்று கயிற்றை வைத்து முதலில் கணிக்கட்டும், பிறகு அளக்கட்டும். இரண்டும் ஒரே வகைப் பல்பாக இருப்பது முக்கியம். இல்லையென்றால் ஒன்று மங்கி எரிவதைக் கண்டு மின்னோட்டம் பாதியில் தீர்ந்தது என்று முடிவுகட்டுவார்கள். தெளிவாகச் சொல்வோருக்குக் கூடுதல் கணக்குகளைத் திணிக்காதே. அது வேலையை நீட்டும், யோசனையை வளர்க்காது. மின்னோட்டம் கிளைகளாகப் பிரிந்து ஓடும் பக்க இணைப்பைக் கயிற்றால் காட்ட முடியுமா என்று கேள். ஒற்றைக் கயிறு கிளை பிரியாதே என்று அவர்களே முட்டிக்கொண்டு நிற்பார்கள். தண்ணீர்க் குழாயை மறுபடி வெளியே எடுக்க அதுதான் தக்க தருணம்.

ஒப்புமை எங்கே முறிகிறது என்று காட்டுவது, ஒப்புமை வழியாகக் கற்பிக்க ஷான் கிளின் என்ற கல்வி ஆய்வாளர் வகுத்த ஆறு படிகளில் ஒன்று. நேரம் போதாதபோது நாம் முதலில் வெட்டுவதும் அதையே. அதைக் கெட்டிக்காரக் குழுவுக்கு மட்டும் விடுவது எனக்கு உடன்பாடில்லை. ஒப்புமையை அப்படியே உண்மையென்று நம்பிவிடும் ஆபத்து முதல் குழுவுக்குத்தான் அதிகம். அவர்கள் அட்டவணையின் கடைசி வரி ‘இது பொருந்தாது’ என்று இருக்கட்டும். கயிறு கண்ணுக்குத் தெரிந்து ஓடுகிறது, செம்புக் கம்பியில் எலக்ட்ரான்கள் சராசரியாக நகர்வது விநாடிக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. கயிற்றை அறுத்தாலும் முனையை இழுக்கலாம், கம்பியை அறுத்தால் ஓட்டமே நின்றுவிடும். இரண்டில் ஒன்றையாவது அவர்களே கண்டுபிடித்து எழுதவேண்டும்.

அடுத்த பாடத்துக்குச் சீட்டு புதிது, குழுவும் புதிது. மின்சாரத்தில் தடுமாறிய பிள்ளை ஒளியியலில் முன்னே நிற்கலாம். சீட்டுகளில் என்னென்ன காரணம் வந்தது என்று எழுது. பக்க இணைப்புக் குழுவுக்கு அடுத்து என்ன கொடுக்கலாம் என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
வாசுகி