உன் ஐயாவின் காணி உறுதி வேண்டும்

யாழ்ப்பாணம்

அன்பின் நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்து, நீ ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறாய் என்று வாசித்தபோது மனம் ஆறியது. இங்கு யாவரும் நலம்.

உன்னிடம் ஒரு காரியம் கேட்கவே அவசரமாக எழுதுகிறேன். வாசிகசாலைக்குப் பின்னால், நாம் கிளித்தட்டு விளையாடிய நாலு பரப்புக் காணி உனக்கு மறந்திருக்காது. பற்றை மண்டிக் கிடந்த அந்த இடத்தை ஊர் இளைஞர்கள் துப்புரவாக்கி, பிள்ளைகளுக்கு ஒரு சைக்கிள் ஓடுபாதை அமைத்ததை முன்பே சொல்லியிருக்கிறேன். இப்போது அதை இடித்துவிட்டுக் கடைத்தொகுதியும் வாகனத் தரிப்பிடமும் கட்ட நம் உள்ளூராட்சி சபையார் திட்டம் போட்டிருக்கிறார்கள்.

நீ அதைப் பார்த்ததில்லை. செம்பாட்டு மண்ணை உழவு இயந்திரத்தில் ஏற்றி வந்து குவித்து, நீர் தெளித்து, இடித்து இறுக்கிய மேடுகள். திருப்பங்களில் வெளிப்பக்கம் உயர்ந்த கரை. பழகிய பிள்ளை மிதிக்காமலே சுற்றி வந்துவிடும். மேட்டில் ஏறும்போது உடலைத் தளர்த்தி, இறங்கும்போது கையாலும் காலாலும் அழுத்தினால் வேகம் தானாகப் பிறக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழை மேடுகளைக் கரைத்துவிடும். தை பிறந்ததும் பெற்றோரும் பிள்ளைகளும் மண்வெட்டியோடு வந்து மறுபடி கட்டுகிறார்கள். எவரும் கூலி கேட்டதில்லை. மட்காட் கழற்றிய பழைய சைக்கிளில் வரும் ஒரு சிறுவன், 2008ஆம் ஆண்டு பெய்ஜிங்கில் இருந்தே பிஎம்எக்ஸ் என்னும் மேடு தாண்டும் சைக்கிள் ஓட்டம் ஒலிம்பிக்கில் இருக்கிறது என்று எனக்குப் பாடம் நடத்தினான். பெண்பிள்ளைகளும் குறைவில்லை. மேடு தாண்டுவதில் அவர்களே துணிந்தவர்கள்.

நாம் ஒழுங்கைகளில் சைக்கிள் பழகினோம். இன்று அதே ஒழுங்கைகளில் மோட்டார் சைக்கிள்கள் பறக்கின்றன. ரியூசன் விடும் நேரத்தில் பெரியவர்களே வேலியோரம் ஒதுங்கி நிற்க வேண்டியிருக்கிறது. பிள்ளை விழுந்து எழும்பிப் பழக வேறு இடம் எங்கே இருக்கிறது?

தொண்ணூறுகளில் பெற்றோல் தடைப்பட்டபோது சைக்கிள்தான் நமக்கு லொறி, அம்புலன்ஸ் எல்லாம். அதன் டைனமோவைச் சுற்றித்தான் வானொலிச் செய்தி கேட்டோம். போரினால் ஊரே இடம்பெயர்ந்த 1995 ஒக்டோபர் 30 இரவு, கொட்டும் மழையில், உன் அம்மாவைக் கரியரில் இருத்தி நாவற்குழிப் பாலம் வரை நாம் இருவரும் மாறி மாறித் தள்ளினோம். நம் தலைமுறைக்குச் சைக்கிள் உயிர் தப்பும் வழியாக இருந்தது. இந்தப் பிள்ளைகள் அதே சைக்கிளில் விளையாட்டுக்காக மட்டும் ஏறுகிறார்கள். அதைப் பார்க்கவே நான் பின்னேரங்களில் அங்கே போகிறேன். அதை இழக்க எனக்குச் சம்மதமில்லை.

2023 மார்ச்சில் உள்ளூராட்சி சபைகளின் காலம் முடிந்து, 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடக்கும்வரை மக்கள் தெரிந்தெடுத்த உறுப்பினர் எவரும் இல்லை. திட்டம் அந்த இடைவெளியில்தான் உருவாகியிருக்கிறது. யாரிடமும் கேட்கவில்லை, யாருக்கும் சொல்லவில்லை. வாசிகசாலையில் கூட்டம் வைத்தோம். வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கி மகஜர் கொடுத்தோம். பிள்ளைகள் தாங்களே தவிசாளருக்குக் கடிதம் எழுதினார்கள். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்ததில் ஒரு பதில் வந்தது: காணி சபையின் ‘பராமரிப்பில்’ இருக்கிறதாம். சபைக்குச் சொந்தம் என்று அதில் எங்கும் இல்லை.

எதிர்ப்பக்கம் பேசுகிறவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்லமாட்டேன். சபைக்கு வருமானம் வேண்டும். கடை வாடகை நிலையான வருமானம். சந்தைக்கு வருகிறவர்கள் வாகனம் நிறுத்த இடமில்லாமல் படும் பாடும் உண்மை. ஆனால் சந்தைக்கு மேற்கே பாழாய்க் கிடக்கும் பழைய களஞ்சியக் காணியில் அதைக் கட்டலாமே! ஒரு பிள்ளை விழுந்து கை முறிந்ததையும் காரணமாகக் காட்டுகிறார்கள். கட்டுப் பிரித்த கையோடு முதல் ஆளாகத் திரும்பி வந்தது அந்தப் பிள்ளைதான். தலைக்கவசத்தைக் கட்டாயமாக்குவோம் என்று நாங்களும் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

இனி உன் பங்கு. அந்தக் காணியை வாசிகசாலைக்கும் ஊர்ப் பிள்ளைகளின் விளையாட்டுக்குமாக உன் ஐயா தருமசாதனம் செய்து, உறுதி எழுதித் தானமாகக் கொடுத்தார் என்று முதியவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். வாய்ச்சொல் சபையில் எடுபடாது. வாசிகசாலையிலிருந்த பிரதி இடப்பெயர்வில் தொலைந்துபோனது. ஐயாவின் உறுதிகள் உன் தங்கையிடம் கனடாவில் இருப்பதாக நீ ஒருமுறை சொன்னாய். மூல உறுதி கிடைத்தால் பெரும் பேறு. கிடைக்காவிட்டாலும் உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் எங்காவது எழுதப்பட்டிருந்தால் போதும். நொத்தாரிசு எழுதும் ஒவ்வோர் உறுதியின் இணைப்பிரதியும் காணிப் பதிவகத்துக்குப் போகும். அங்கே தேடிப் பிரதி எடுத்துக்கொள்வேன்.

அடுத்த மாத அமர்வில் இந்த விடயம் வருகிறது. நமக்காகப் பேச இரண்டு உறுப்பினர்கள் இணங்கியிருக்கிறார்கள். கையில் ஒரு கடதாசி இருந்தால் இன்னும் சிலர் வருவார்கள். தங்கையிடம் இன்றே பேசு. கிடைப்பதைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பு, மூலத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஐயாவின் மகனாக நீயும் சபைக்கு ஒரு பக்கக் கடிதம் எழுது. பணம் அனுப்பட்டுமா என்று கேட்பாய், இப்போது வேண்டாம்.

உன் அன்பு நண்பன்