பனங்காளியை மறந்துட்டீங்க

கோபிசெட்டிபாளையம்
20.10.2024, ஞாயிறு

அன்புள்ள மாப்ளே,

உன் கடுதாசி ஆயுதபூஜைக்கு முந்தின நாளே வந்துடுச்சு. பதில் எழுத இத்தனை நாளானதுக்குக் காரணம் ரெண்டு. தடப்பள்ளி வாய்க்கால்ல தண்ணி போகுது, வயல்ல சோலி விடமாட்டேங்குது. இன்னொண்ணு, நீ கேட்ட கேள்விக்குச் சட்டுனு பதில் சொல்ல வாய் வரலை.

முதல்ல ஊர்ச் சமாசாரம். போன மாசம் அன்னூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். உங்க ஊர்க் குளத்துல தண்ணி நிக்குது மாப்ளே! அத்திக்கடவு-அவிநாசித் திட்டத்தை ஆகஸ்ட் 17-ல திறந்தாங்கல்ல, 1,045 குளம் குட்டைக்குத் தண்ணி. அதுல உங்க ஊருதும் ஒண்ணு. நம்ம அப்பனுங்க மனுக் கொடுத்துக் கொடுத்தே ஓஞ்சு போன விஷயம். நாம ஸ்டம்ப் நட்டு ஆடின இடத்துல கொக்கு நிக்குது. போட்டோ வெச்சிருக்கேன், உங்கம்மாகிட்டக் காட்டு. உன் முழங்காலைப் பத்தி நேர்ல பேசிக்கலாம். எழுதினா ரெண்டு பேருக்கும் வயசானது தெரிஞ்சுடும்.

சரி, உன் கேள்வி. "பைத்தானுக்கு எழுதினாலும் நாலு பேர் வாங்குவான். எல்ம்னு ஒரு கம்ப்யூட்டர் மொழி, கோயமுத்தூர் முழுக்கத் தேடினாலும் பத்துப் பேருக்குத் தெரியுமா? அதுக்குத் தமிழ்ல ஆரம்பப் புஸ்தகம் எதுக்குடா?" பத்துப் பேர் தேறமாட்டாங்க, ஒத்துக்கறேன். இதைப் படிச்சா வேலை கிடைக்காதுன்னு முன்னுரையோட முதல் பாராவுலயே எழுதிட்டேன். கோயமுத்தூர்ல ஒரு பதிப்பகத்துக்காரர் அதைப் படிச்சுட்டு, "சார், அட்டையில பேரை மட்டும் பைத்தான்னு மாத்திக் கொடுங்க, நாளைக்கே அச்சுக்குப் போகலாம்"னார். உள்ளே இருக்கறதை அவர் பார்க்கவே இல்லை.

உனக்குத் தெரியாத ஒரு கதை சொல்றேன். இது நான் எழுதற ரெண்டாவது புஸ்தகம். முதல் தடவை 2015 கடைசியில ஆரம்பிச்சேன். பம்ப்செட் டெஸ்ட் பெஞ்சுக்கு நான் கம்ப்யூட்டர் திரைக்கு ப்ரோக்ராம் எழுதிட்டு இருந்த காலம் அது. இவான் சாப்ளிக்கின்னு ஒருத்தர் 2012-ல ஹார்வர்டுல படிக்கறப்ப ஆய்வுக்கட்டுரையா எழுதினதுதான் எல்ம். அப்ப அந்த மொழியோட உயிர்நாடியே சிக்னல்தான், அதாவது நேரத்தோட மாறிட்டே இருக்கற மதிப்பு. நானும் சிக்னலை விளக்கி விளக்கி அறுபது பக்கம் எழுதிட்டேன். வாய்க்கால், மடை, கிளை வாய்க்கால்னு நம்மூர் உவமை எல்லாம் போட்டு, என்னமா வந்திருந்துச்சுங்கற! 2016 மே மாசம் மொழியோட புதுப் பதிப்பு 0.17 வந்துச்சு. சிக்னலே வேண்டாம்னு எடுத்துட்டாங்க. அதை எடுத்ததால மொழி நெம்ப எளிசாச்சுங்கறது வாஸ்தவம். என் அறுபது பக்கம் வாழைத்தாருக்குச் சுத்தப் போச்சு.

இப்ப பாரு. 2018 ஆகஸ்ட்ல 0.19, 2019 அக்டோபர்ல 0.19.1. அதோட சரி. அஞ்சு வருஷமா அதேதான். மொழி செத்துப்போச்சுன்னு பலபேர் சொல்றாங்க. 0.19-ல மொழிக்குள்ள நேரடியா ஜாவாஸ்கிரிப்ட் (பிரவுசருக்குள்ள ஓடற மொழி) எழுதற வழியை வெளியாட்களுக்கு அடைச்சதுல கோவிச்சுட்டுப் போனவங்களும் நிறைய. அவங்க கோவத்துல நியாயம் உண்டு. ஆனா காகிதத்துல புஸ்தகம் போடறவனுக்கு இதைவிட நல்ல மொழி எங்கே கிடைக்கும்? அச்சாகி வர்றதுக்குள்ள பழசாகாது. ஒருதடவை சூடுபட்டவன் சொல்றேன்.

இப்ப என் வாசகியைப் பத்தி. ஒரே வாசகிதான். என் தங்கச்சி மக, பி.காம். முடிச்சுட்டு எங்க ஊர் பால் சொசைட்டியில காலையிலயும் பொழுதோடயும் கணக்கு எழுதறா. அம்மிணிக்கு கம்ப்யூட்டர்ல எக்செல் வரைக்கும் தெரியும். முதல் அத்தியாயத்துல எல்லாரும் போடற உதாரணத்தையே நானும் போட்டேன்: ரெண்டு பொத்தான், ஒண்ணைத் தொட்டா எண் ஏறும், இன்னொண்ணைத் தொட்டா இறங்கும். பொறுமையாப் பண்ணி முடிச்சுட்டு, "இது எதுக்குங்க மாமா?"ன்னா. எதுக்குன்னு எனக்கும் தெரியலை. அன்னிக்கே அந்த அத்தியாயத்தைக் கிழிச்சுட்டு, பால் சொசைட்டியை உள்ளே கொண்டு வந்தேன்.

அதுக்கப்புறம்தான் புஸ்தகம் நகர ஆரம்பிச்சுது. பாலுக்கு விலை போடணும்னா ஃபேட் (கொழுப்பு) வேணும், எஸ்.என்.எஃப். (கொழுப்பு போக மீதித் திடப்பொருள்) வேணும். ஒருநாள் காலையில கரண்ட் இல்லை, மெஷின் ஓடலை, ஃபேட் கட்டம் காலியா இருக்குன்னு வெச்சுக்கோ. ஜாவாஸ்கிரிப்ட்ல அந்தக் காலிக் கட்டத்தை எண்ணா மாத்துன்னு சொன்னா பேசாம 0 ஆக்கிக் கொடுத்துடும். ஃபேட் 0. பால்காரருக்கு விலையே விழாது, ஏன்னும் யாருக்கும் தெரியாது. எல்ம்ல அதே சோலியைச் சொன்னா எண்ணைக் கொடுக்காது, 'மேபி'ன்னு ஒண்ணைக் கொடுக்கும். எண் இருந்தா 'ஜஸ்ட் 4.1', இல்லைன்னா 'நத்திங்'. நத்திங் வந்தா என்ன பண்ணப் போறேன்னு நீ எழுதற வரைக்கும் கம்பைலர் (நாம எழுதினதைச் சரிபார்த்து, ஓடற மாதிரி மாத்தித் தர்ற மென்பொருள்) விடாது. "அளக்கலைங்கறது வேற, ஃபேட்டே இல்லைங்கறது வேறங்க மாமா"ன்னு அம்மிணியே சொன்னா. நான் நாலு பக்கத்துல சொல்ல நினைச்சது அது. நாலு பக்கத்தையும் எடுத்துட்டு அவ சொன்ன ஒரு வரியைப் போட்டுட்டேன்.

அதே அத்தியாயத்துல ஒரு குழியும் இருந்துச்சு. 4.1-க்குப் பின்னால தெரியாத்தனமா ஒரு இடைவெளி விழுந்தாலும் நத்திங்தான் வரும். அம்மிணி ரெண்டு மணி நேரம் உக்காந்து அழாத குறை. பைத்தானா இருந்தா யாராவது எங்காவது இதுக்குப் பதில் எழுதி வெச்சிருப்பாங்க, அதுவும் தமிழ்லயே. இங்கே அவளுக்குப் புஸ்தகம் உண்டு, கம்பைலர் உண்டு, நான் ஒருத்தன் உண்டு. நான் இல்லாத ஊர்ல ஒருத்தர் இதைப் படிச்சா? அதனால வாசகர் விழற குழி எல்லாத்தையும் புஸ்தகத்துலயே தோண்டிக் காட்டிடணும்னு முடிவு பண்ணினேன். இடைவெளியை வெட்டிட்டு அனுப்பற ட்ரிம்முக்கு இப்ப ரெண்டு பக்கம். சின்ன மொழிக்கு ஆரம்பப் புஸ்தகம் எழுதறதுல கஷ்டமே இதுதான் மாப்ளே. மொழியை விளக்கறது ஒண்ணும் பெரிசில்லை.

சொற்கள் ஒரு பெரிய தலைவலி. பள்ளிக்கூடப் பாடப்புத்தகத்துல வேரியபிளுக்கு 'மாறி'. எல்ம்ல ஒரு பேருக்கு ஒரு மதிப்பைக் கொடுத்தாச்சுன்னா கடைசி வரைக்கும் மாறாது. மாறாததை மாறின்னு எழுத எனக்குக் கை வரலை. இப்போதைக்கு வெறும் 'பேர்'னே எழுதறேன். ஃபங்ஷனுக்குக் கம்ப்யூட்டர் பாடத்துல 'செயற்கூறு'ங்கறாங்க, கணக்குப் பாடத்துல 'சார்பு'ங்கறாங்க. நான் சார்பையே எடுத்துக்கிட்டேன். ஒரே உள்ளீட்டுக்கு எப்பவும் ஒரே விடை. கணக்குல வர்ற சார்பேதான் இது. பத்தாம் வகுப்புல சார்புகளின் சேர்ப்புன்னு ஒரு பகுதி வருதே, அதை அம்மிணி அஞ்சு மார்க்குக்குப் படிச்சு மறந்திருக்கா. ட்ரிம் பண்ணு, பின்னால எண்ணாக்குன்னு ரெண்டு சார்பை ஒட்டிக் காட்டினதும், "அட, இது எஃப், ஜி கணக்குங்க!"ன்னா.

கம்பைலர் பேசற பேச்சு இருக்கே, அதுக்காகவே ஒருத்தர் இந்த மொழியைப் படிக்கலாம். மத்ததெல்லாம் போலீஸ்காரன் மாதிரி அதட்டும். இது 'நான்'னு தன்மையில பேசும். எங்க மச்சான் ஈரோடு மண்டிக்கு மஞ்சள் போடறதால, வகைகளைச் சொல்லித் தர்ற அத்தியாயத்துக்கு மஞ்சளை வெச்சேன்: விரலி, கிழங்கு, பனங்காளி. வகைப் பேரும் அதுல வர்ற ரகப் பேரும் பெரிய எழுத்துல ஆரம்பிக்கணும், மதிப்புக்கும் சார்புக்கும் வெக்கற பேர் சின்ன எழுத்துல ஆரம்பிக்கணும்னு இந்த மொழிக்கு ஒரு சட்டம். நம்ம எழுத்துல பெரிசு சின்னதுங்கற பேதமே கிடையாது. அதனால பேர்களை மட்டும் இங்கிலீஷ் எழுத்துல எழுத வேண்டியதாப் போச்சு. ஒவ்வொரு ரகத்துக்கும் விலை போட அம்மிணி கேஸ் (இது வந்தா இப்படி, அது வந்தா அப்படின்னு கிளை பிரிக்கறது) எழுதினா. விரலிக்கு ஒரு கிளை, கிழங்குக்கு ஒரு கிளை, அதோட நிறுத்திட்டா. கம்பைலர் சொன்னதைத் தமிழ்ல சொன்னா இப்படி வரும்: 'எல்லா வாய்ப்புக்கும் இங்கே கிளை இல்லை. விட்டுப்போனது, பனங்காளி. அது வந்துச்சுன்னா நான் கவுந்துதான் ஆகணும். அதுக்கும் ஒரு கிளை சேருங்க.' அவங்கப்பன் எட்டிப் பார்த்துட்டு, "மண்டிக்காரனே பல சமயம் பனங்காளியை மறந்துட்டுத்தான் சீட்டு எழுதறான், இது கெட்டிக்காரப் பெட்டிதான்"னார். இப்படி அடிக்கடி வர்ற முப்பது செய்தியைத் தமிழாக்கிப் பின்னிணைப்பாப் போட்டிருக்கேன். புஸ்தகத்துல உருப்படியான பகுதி எதுன்னு கேட்டா அதைத்தான் சொல்வேன்.

இன்னொண்ணு, இங்கிலீஷ்ல எழுதின ஆளுக்குத் தேவைப்படாதது. நம்ம ஊர்ப் பேரையே எடுத்துக்கோ. கோபிசெட்டிபாளையம், எண்ணிப் பாரு, 9 எழுத்து. சரத்தோட (எழுத்துத் தொடரோட) நீளம் என்னன்னு எல்ம்கிட்டக் கேட்டா 17ங்குது. கொம்பு, கால், சுழி, புள்ளி எல்லாம் அதுக்குத் தனித்தனி. ஊர்ப் பேருக்கு 16 போதும்னு ஒருத்தர் எல்லை வெச்சா கடைசிப் புள்ளி விழுந்து 'கோபிசெட்டிபாளையம'ன்னு நிக்கும். 'தமிழ்'ங்கறதைத் திருப்பிப் போடச் சொன்னா, முன்னால ஒரு புள்ளி அநாதையாத் தொங்க, பின்னால 'ழிமத'ன்னு வருது. ழகரத்துப் புள்ளி கழண்டு போய், மகரத்துச் சுழி ழகரத்துல ஏறிக்கிச்சு. எல்முக்கு மட்டும் உள்ள குறையில்லை இது, எழுத்துகளுக்கு நம்பர் கொடுக்கற உலகப் பொது முறையான யூனிகோடை அப்படித்தான் கட்டியிருக்கு. இதைப் பத்தி ஆரம்பப் புஸ்தகத்துல எழுதலாமா, பயந்துக்குவாங்களான்னு நெம்ப யோசிச்சேன். எழுதிட்டேன். தமிழ்ப் பேரைத் தட்டிப் பார்க்காமயா ஒரு தமிழன் முதல் நாள் உக்காருவான்?

அச்சுக்கதை கேட்டா சிரிப்பே. ஈரோட்டுல ஒரு டி.டி.பி. கடையில கொடுத்தேன், நூறு பிரதி போதும்னு. அந்தம்மா பழைய எழுத்துருவுல அடிச்சுப் பழகினவங்க. அந்த எழுத்துருவுல 'தமிழ்'னு வரணும்னா ஜே, கே, பி, ஓ, செமிகோலன்னு தட்டணும். மொத்தப் பக்கத்தையும் தேர்ந்தெடுத்து ஒரே எழுத்துருவுக்கு மாத்தினா இங்கிலீஷ்ல இருக்கற நிரல் (ப்ரோக்ராம்) வரி என்னாகும்? எல்லாம் தமிழ் எழுத்தாச்சு, ஆனா ஒரு வார்த்தையும் தமிழ் இல்லை. சரி பண்ணச் சொன்னேன். ரெண்டாவது ப்ரூஃப்ல இங்கிலீஷ் வந்துடுச்சு, ஆனா வரிக்கு முன்னால இருந்த இடைவெளியெல்லாம் போச்சு. "கோணல்மாணலா இருந்துச்சுங்க, ஒரே நேரா இழுத்து வெச்சுட்டேன்"னாங்க, முகமெல்லாம் சந்தோஷத்தோட. எல்ம்ல இடைவெளி தப்பினா நிரலே ஓடாது. திட்ட மனசு வரலை. நானே உக்காந்து எல்லாத்தையும் படமா மாத்தி ஒட்டிட்டு இருக்கேன். நாற்பது பக்கம் முடிஞ்சுது.

உன் கேள்விக்கு நேரா பதில் சொல்லலைன்னு தோணும். போன வாரம் நடந்ததை மட்டும் சொல்லி விடறேன். அம்மிணி அந்த மஞ்சள் நிரல்ல என்னைக் கேக்காமயே நாலாவது ரகம் ஒண்ணைச் சேர்த்திருக்கா, உடைசல்னு. கம்பைலர் மூணு இடத்தைக் காட்டி இங்கெல்லாம் கிளை இல்லைன்னுச்சாம். மூணையும் சரி பண்ணிட்டு, ஓடுதுன்னு பார்த்துட்டு, ராத்திரி ஒன்பது மணிக்கு மேல போன் பண்ணினா. சந்தேகம் கேக்கத்தான்னு நினைச்சு எடுத்தேன். உடைசலுக்கு அவங்கப்பன் சொல்ற விலை ரொம்பக் கம்மியா இருக்குங்க மாமா, மண்டியில என்ன போடறாங்கன்னு விசாரிச்சுச் சொல்லுங்கன்னா.

ஆறாம் அத்தியாயத்தை இதோட வெச்சிருக்கேன். எல்ம் ஜாவாஸ்கிரிப்ட்டோட பேசற போர்ட் பத்தினது. ஜாவாஸ்கிரிப்ட் திண்ணையில உக்காந்து சொல்ல வந்ததைச் சொல்லலாம், ஆசாரத்துக்குள்ள, அதான் வீட்டுக் கூடத்துக்குள்ள, வரக்கூடாதுன்னு எழுதியிருக்கேன். அந்த உவமை இந்தக் காலத்துல படிக்கறதுக்கு உறுத்துதோன்னு சந்தேகம். பென்சில்ல குறிச்சு, தீபாவளிக்கு வரும்போது கையோட கொண்டு வா. தங்கச்சி ஒப்பிட்டு (போளி) போடறேன்னு சொல்லியிருக்கா, உனக்குச் சர்க்கரை இருக்குன்னு அவகிட்ட நான் இன்னும் சொல்லலை.

உன்
மச்சான்